பதினைந்தாவது ஆடு

இந்தக் கதையில் ஒரு ராஜா வருவார். ஆனால் ராஜாவுக்கு முன்னால் ஒரு சத்தம் வரும். முதலில் அதைக் கேட்டுவிடுவோம்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அந்தச் சத்தம் எழும்பும். காலிப் பானைக்குள் வாயை வைத்து யாரோ சிரிப்பது போல இருக்கும். முதல் தடவை ஓடைப் பக்கம் கேட்கும். இரண்டாம் தடவை களத்து மேட்டில் கேட்கும். மூன்றாம் தடவை யாராவது ஒருவருடைய வாசலில் கேட்கும். அந்த வீட்டுக்காரர்கள் மறுநாள் யாரிடமும் அதிகம் பேச மாட்டார்கள்.

அது கழுதைப்புலி. ஒன்று இல்லை, மூன்று.

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்காத காலத்தில், மொட்டைப்பாறை என்ற மலைக்குக் கீழே ஆடு மேய்க்கிறவர்களின் ஊர் ஒன்று இருந்தது. முப்பது வீடு. மண் சுவர், பனையோலைக் கூரை, பலகைக் கதவு. ஊர் ஆண்களில் பாதிப் பேரை ராஜா சண்டைக்குக் கூட்டிப் போயிருந்தார். அந்த வருஷம் மழையும் இல்லை. காட்டில் முயல் செத்தது, மான் செத்தது, பிறகு பசி ஊரைப் பார்த்து இறங்கி வந்தது. கழுதைப்புலிக்கு ஆடு பிடிக்கும். ஆனால் ஆடு கத்தும், முட்டும், உதைக்கும். தூங்குகிற பிள்ளை அப்படி எதுவும் செய்யாது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டு ஆள் ஒருவர் வெளியே இருக்கும் வரைக்கும், உள்ளே இருப்பவர் கதவைச் சாத்தலாம், தாழ் போடக் கூடாது. கடைசியாக வருகிறவர்தான் தாழ் போட வேண்டும். பிணம் எடுத்த வீட்டில் மட்டும், பிணம் தெருமுனை தாண்டியதும் உள்ளிருந்து தாழ் போடுவார்கள், போனவர் திரும்பி வந்துவிடக் கூடாதென்று. அதனால் உயிரோடு ஒருவர் வெளியே இருக்கும்போது தாழ் போட்டால், அவரைச் செத்தவராக நினைத்துவிட்டதாக அர்த்தம்.

அன்பான வழக்கம்தான். ஆனால் பயந்துபோன வீட்டில், இருட்டில், யார் கடைசி என்று யாருக்குத் தெரியும்?

நல்லக்காள் வீட்டில் அதுதான் நடந்தது.

நல்லக்காளுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவள் சடைச்சிக்கு ஒன்பது வயது. அடுத்தவன் வீரணனுக்கு ஏழு. பேச்சிக்கு ஐந்து. கடைசி, பால் குடிக்கிற ஆண்பிள்ளை. புருஷன் சண்டைக்குப் போய் எட்டு மாதம். ஒரு சாயங்காலம் ஓடைப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டதும், எல்லோரும் போட்டது போட்டபடி வீட்டுக்குள் ஓடி வந்தார்கள். நல்லக்காள் முன்வாசல் வழியாக வந்தாள். சடைச்சி கொல்லையைச் சுற்றிக்கொண்டு அதே வாசலுக்கு வந்தாள். மகள் முன்னாலேயே வந்துவிட்டாள், வீரணன்தான் இன்னும் பின்னால் வருகிறான் என்று தாய் நினைத்தாள். ஆத்தா பின்னால் வருகிறாள் என்று மகள் நினைத்தாள். வீரணனோ அடுப்புக்குப் பின்னால் பதுங்கி, யாரோ தாழ் போடுவார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு இருந்தான்.

ஒருவரும் போடவில்லை.

விடிந்தபோது பேச்சியின் பாய் இருந்தது, பேச்சி இல்லை. ஓடைக்கரையில் அவளுடைய இடுப்புக் கயிறு கிடந்தது. அதைத்தான் புதைத்தார்கள்.

அதற்கப்புறம் சடைச்சி தாழைத் தொடுவதில்லை. கதவுப் பக்கம் போனாலே அவள் கை பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நல்லக்காள் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததைச் சடைச்சி ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது ராஜா வருகிறார்.

மொட்டைப்பாறையில் பிள்ளைகள் போகிற சேதி அரண்மனைக்கு எட்டியது. மந்திரிகள் உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் ஒரு வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகளை எண்ணினார்கள். ஆட்டை எண்ணிப் பட்டியில் அடைப்பது, பட்டியின் முள்படலை இழுத்துக் கட்டுவது, குட்டிகளைக் கூடையால் கவிழ்ப்பது, தண்ணீர் எடுத்து வைப்பது, விறகை உள்ளே போடுவது, கூரை ஓட்டையை அடைப்பது, வாசலில் தீ மூட்டுவது, சோற்றுப் பானையின் மிச்சம் மீதியை வெளியே வைக்காமல் இருப்பது, இப்படிப் போய்க் கடைசியில் கதவுக்குத் தாழ் போடுவது. மொத்தம் பதினைந்து.

ராஜா தண்டோரா போடச் சொன்னார். பதினைந்தில் ஒன்று தவறினால் பத்துக் கசையடி. ஜனங்கள் பதினைந்தையும் மனப்பாடம் செய்தார்கள். வாய் ஒப்பித்தது, கை தவறவிட்டது. கழுதைப்புலிக்கு ஒரு பயம், கசைக்கு ஒரு பயம் என்று பயம் இரண்டாகப் பெருகியதுதான் மிச்சம். தண்ணீர் எடுத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தவன் படலைக் கட்ட மறந்தான். அந்த மாதம் இரண்டு பிள்ளைகள் போனார்கள்.

அப்புறம் ராஜா, பிள்ளை போகாத வீட்டுக்கு மாதம் ஒரு மரக்கால் தானியம் என்றார். அந்த மாதமும் இரண்டு பிள்ளைகள் போனார்கள். அதில் ஒரு வீட்டுக்காரர்கள், பிள்ளை போனதை ஆறு நாள் வெளியே சொல்லவே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், உள்ளே படுத்திருக்கிறான் என்று சொல்லித் தானியத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். வீட்டில் இன்னும் மூன்று வயிறு இருந்தது.

மூன்றாவதாக என்ன செய்வதென்று ராஜாவுக்குத் தெரியவில்லை. அவருக்குச் சண்டை வேறு இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் நல்லக்காள் வீட்டுக்குள் வந்தபோது, சடைச்சி தரையில் கரிக்கட்டியால் முக்கோணம் கிழித்து, குறுக்கே கோடு போட்டு, தனியாக ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். மூன்று கூழாங்கல் புலி. பதினைந்து புளியங்கொட்டை ஆடு. உங்களுக்குத் தெரிந்த ஆட்டம்தான். ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் புலியை நகரவிடாமல் மடக்க வேண்டும். ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால், புலி தாண்டி அந்த ஆட்டைத் தின்னும்.

நல்லக்காள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மகளின் கையைப் பார்த்தாள். பேச்சி போன நாளிலிருந்து தாழைக் கண்டால் ஒளிந்துகொள்கிற கை. கொட்டையை எடுத்து வைக்கும்போது அது தயங்கவில்லை.

அவள் கொட்டைகளை எண்ணினாள். பதினைந்து.

அன்று சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். வேலை என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. படலைக் கட்டியவர், தண்ணீர் எடுத்தவர் என்று ஒன்றை முடித்தவர் ஓடி வந்து அதற்கென்று உள்ள இடத்தில் ஓர் ஆட்டை வைக்கலாம் என்றாள். முற்றத்தில் வேப்ப மரத்து நிழல் விழுகிற இடத்தில் மூன்று கோடு கிழித்தாள். நிழல் ஒரு கோட்டைத் தாண்டினால் புலிக்கு ஒரு நகர்த்தல். புலியைத் தானே ஆடுவதாகச் சொன்னாள். மூன்றாம் கோட்டுக்குள் பதினைந்தும் வந்துவிட்டால் ஆடுகள் ஜெயித்தன.

வீரணன் பொழுது சாய்ந்தால் அடுப்பு மூலையை விட்டு அசையாதவன். அன்றைக்கு முதலில் ஓடியவன் அவன்தான். படலைக் கட்டிவிட்டு மூச்சிரைக்க வந்து கொட்டையை வைத்து, நல்லக்காளைப் பார்த்து, "உன் புலிக்கு இன்னைக்குப் பட்டினி ஆத்தா" என்றான். பேச்சி போன பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. சிரித்துவிட்டு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் திருடர் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். நீ செய்தாயா, நான் செய்தேனா என்ற கேள்வி அந்த வீட்டில் நின்றுபோயிற்று. தரையைப் பார்த்தால் போதும். எத்தனை கொட்டை இருக்கிறதோ அத்தனை வேலை முடிந்தது, எந்த இடம் காலியோ அந்த வேலை பாக்கி. முன்பெல்லாம் இருட்டிய பின்னும் முடியாத வேலை, இப்போது நிழல் இரண்டாம் கோட்டில் இருக்கும்போதே முடிந்தது. பயம் போகவில்லை. பயத்துக்கு நடக்க ஒரு பாதை கிடைத்தது, அவ்வளவுதான்.

வீரணன் ஒரு நாள் ஏமாற்றினான். அதையும் சொல்ல வேண்டும். அக்காவை முந்த வேண்டும் என்று, குட்டிகளைக் கவிழ்க்காமலேயே கவிழ்த்ததாகச் சொல்லிக் கொட்டையை வைத்துவிட்டான். காலையில் அவனுடைய செவலைக் குட்டி இல்லை. கழுத்தில் கட்டியிருந்த மணி மட்டும் முள்வேலியில் தொங்கியது. நல்லக்காள் அடிக்கவில்லை. மணியைக் கொண்டுவந்து புலிக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று முதல் வீரணன் ஒவ்வொரு கொட்டையையும் வைப்பதற்கு முன்னால், போய் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வருவான்.

ஊர் சும்மா இருக்குமா? நாட்டாமை இருளப்பன் ஒரு சாயங்காலம் அந்த வழியாகப் போனவர் வாசலில் நின்றுவிட்டார்.

"பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுல ஆட்டமா புள்ள? ஈரம் காயலையே இன்னும்."

"காயல மாமா. பயந்து பயந்து செஞ்சேன், ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த ஒண்ணுல பேச்சி போயிட்டா. இப்படிச் செஞ்சா பதினஞ்சும் நிக்குது."

"நாளைக்குத் தாயக்கட்டையும் உருட்டுவ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதை ஊர் பிடித்துக்கொண்டது. கிணற்றடியில் அவளுக்கு ஆட்டக்காரி என்று பெயர் வந்தது. அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாள். நிழலுக்குள் வீடு சேர வேண்டுமே.

ஆனால் நல்லக்காளும் ஒரு தப்பு செய்தாள். பதினைந்தாவது ஆடு, அதாவது கதவுத் தாழ், அதை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. அந்தக் கொட்டையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். தாழைத் தானே போடுவாள், கொட்டையைத் தானே வைப்பாள். ஒரு தடவை போனது போதும் என்று நினைத்தாள். ஆட்டத்தில் ஒரு காயை ஒருவர் மட்டும் மடியில் கட்டிக்கொண்டால், அவர் இல்லாத நாளில் ஆட்டம் முடியாது என்று அவளுக்குத் தோன்றவில்லை. பெற்றவளுக்கு, தான் இல்லாத ஒரு நாள் எப்படித் தோன்றும்?

அந்த நாளும் வந்தது.

நாட்டாமையின் மருமகளுக்கு இடுப்பு வலி கண்டது. மருத்துவச்சி பயந்துபோய் ஊரைவிட்டே ஓடியிருந்தாள். குறுக்கே கிடக்கும் குட்டியைத் தாய் ஆட்டிலிருந்து திருப்பி எடுக்கத் தெரிந்த கை, ஊரில் நல்லக்காளின் கைதான். உச்சி வெயிலில் இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டு வந்து வாசலில் நின்றார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே அவள் கிளம்பிவிட்டாள். கைப்பிள்ளையைச் சடைச்சியிடம் கொடுத்து, நிழல் மூன்றாம் கோட்டைத் தொடுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிள்ளை காலை நீட்டிக்கொண்டு இருந்தது. திருப்பத் திருப்ப மறுபடியும் பழையபடி போனது. பிள்ளையும் தாயும் பிழைத்தபோது வெளியே இருட்டிவிட்டது. இருளப்பன் கதவை மறித்தார். விடிய இருந்துவிட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சினார்.

"பதினஞ்சாவது என்கிட்ட இருக்கு மாமா. அங்க கதவு சும்மா சாத்திக் கிடக்கும்" என்றாள் அவள்.

அவர் கையிலிருந்த பந்தத்தைக் கொடுத்தார். அன்றைக்கு அவர் அவளைக் கேலி செய்யவில்லை.

பாதி வழியில் காற்றில் பந்தம் அணைந்தது. ஓடைப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. அவள் ஓடினாள். களத்து மேட்டில் கேட்டது. இன்னும் வேகமாக ஓடினாள். தன் முற்றத்துக்கு வந்து, கதவுக்குப் பத்து அடி இருக்கும்போது, மூன்றாவது சத்தம் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் கேட்டது.

அவள் வேப்ப மரத்தில் தாவி ஏறினாள். ஒன்று எம்பி அவள் குதிகாலைக் கவ்வியது. அவள் கத்தவில்லை.

ஏன் கத்தவில்லை? யோசித்துப் பாருங்கள். தாழ் போடுங்கள் என்று அவள் கத்தலாம். ஆனால் உள்ளே இருப்பது பிள்ளைகள். ஆத்தா குரல் கேட்டால் தாழ் போடுவார்களா, கதவைத் திறந்துகொண்டு ஓடி வருவார்களா? அவளுக்குத் தெரியும். அதனால் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு கடித்தாள். காலைப் பிடுங்கிக்கொண்டு மேல் கிளைக்குப் போனாள். குதிகாலில் கொஞ்சம் அந்த வாயிலேயே தங்கிவிட்டது.

ஒன்று மரத்தடியில் நின்றது. மற்ற இரண்டும் கதவைப் பார்த்து நடந்தன.

இந்த இடத்தில் நிறுத்தினால் நீங்கள் தூங்க மாட்டீர்கள். அதனால் பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நல்லக்காள் செத்துப்போகவில்லை. விடியும் வரை கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள். காலம் முழுக்க நொண்டி நடந்தாள். தாழ் போடுகிற ஆட்டைத் திரும்ப முந்தானையில் முடிந்து வைக்கவில்லை, மற்றக் கொட்டைகளோடு கிண்ணத்தில் போட்டு வைத்தாள். இருளப்பன் தன் வீட்டுத் தரையில் தானே கோடு கிழித்தார். அந்த மாதம் பத்து வீட்டில் ஆட்டம் நடந்தது, அடுத்த மாதம் முப்பது வீட்டிலும் நடந்தது. ராஜாவுக்குச் சேதி போனபோது, அவர் கசையையும் மரக்காலையும் திரும்ப எடுத்துக்கொண்டு, ஊருக்கு ஒரு மூட்டை புளியங்கொட்டை அனுப்பினார். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே நுழைய ஒரு கதவும் கிடைக்காமல் கழுதைப்புலிகள் மூன்றும் மலை தாண்டி வேறோர் ஊருக்குப் போய்விட்டன. அந்த ஊர்க்காரர்களுக்கு ஆட்டம் தெரியாது. அவர்கள் கதையை நான் சொல்லப்போவதில்லை.

கட்டளைக்கும் கூலிக்கும் அடங்காமல் பயத்தில் நழுவிப்போகிற வேலையை விளையாட்டாக வகுத்துக்கொண்டால், அது சின்னக் கையிலிருந்தும் நழுவாது. இதுதான் இந்தக் கதையின் நீதி.

இப்போது மறுபடியும் அந்த மரத்துக்கு வாருங்கள்.

கதவு இடுக்கில் விரல் அகலத்துக்கு விளக்கு வெளிச்சம் தெரிந்தது. ஒரு மூக்கு அந்த வெளிச்சத்தை முகர்ந்தது. பலகை லேசாக அசைந்தது. உள்ளேயிருந்து பிள்ளைகளின் குரல் மரத்துக்குக் கேட்டது.

"பதினாலு வச்சாச்சுக்கா" என்றான் வீரணன். "மூணாங் கோடு எப்பவோ தாண்டிருச்சு. இனிப் புலி முறை."

கைப்பிள்ளை சிணுங்கியது. பலகை இன்னொரு தடவை அசைந்தது.

"ஆத்தா வெளிய இருக்குக்கா. தாழ் போட்டா ஆத்தாவைச் செத்ததா நினைச்ச மாதிரி ஆயிரும்."

மரத்தில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த ஒரு இடம் காலியா இருக்குல்ல" என்றாள் சடைச்சி. அவள் ஆட்டத்தைப் பார்த்துப் பேசுவது போல மெதுவாகப் பேசினாள். "இது வழியா புலி தாண்டும். தாண்டுனா குட்டித் தம்பிதான்."

"ஆடு ஆத்தா முந்தானையிலல்ல இருக்கு."

தரையில் ஏதோ ஒன்றைத் தட்டி வைக்கிற ஓசை கேட்டது. ஒரு வளையல் துண்டோ, கரிக்கட்டியோ, எதுவோ.

"எதை வச்சாலும் ஆடுதான்டா. நீ தம்பியைப் பிடி."

சின்னக் கால்கள் நாலே எட்டில் கதவுக்கு வந்தன. கதவருகே நின்றன. மரத்தடியில் நின்ற கழுதைப்புலியும் தலையைத் திருப்பிப் பார்த்தது. நல்லக்காள் வாயிலிருந்த முந்தானையை இன்னும் ஆழமாகக் கடித்தாள்.

உள்ளேயிருந்து மரத்தாழ் கரகரவென்று நகர்ந்து, சுவர்க் குழிக்குள் போய் விழுந்தது.